நேர்வெட்டுச் சாவிக்கும் திறந்த பூட்டு: வெளிநாட்டுப் பூட்டு மாட்டியிருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வெளிநாட்டிலிருந்து வந்த விலையுயர்ந்த பூட்டைக் கதவில் மாட்டிவிட்டு, வயதான அம்மாவையோ அப்பாவையோ ஊரில் தனியாக விட்டிருப்பவர்கள் இதை முழுவதும் படியுங்கள். எங்கள் அம்மா இருபத்தைந்து நாட்கள், பூட்டு என்ற பெயருக்கு ஒரு பித்தளைக் கூடு மட்டும் இருந்த கதவுக்குப் பின்னால், பத்திரமாக இருக்கிறோம் என்று நம்பித் தூங்கியிருக்கிறார். அதற்கு நாங்கள் 5,300 ரூபாய் கூலியும் கொடுத்திருக்கிறோம்.

அம்மாவின் வீடு குளச்சலுக்கும் மணவாளக்குறிச்சிக்கும் இடையில், கடல் இரைச்சல் கேட்கிற தூரத்தில் இருக்கிறது. ஓட்டு வீடு, முன்கதவு அயனி மரத்தில் தாத்தா காலத்தில் செய்தது. நான் நாகர்கோவிலில் இருக்கிறேன், அண்ணன் அமெரிக்காவில். நான்கு ஆண்டுகளுக்கு முன் வந்தபோது அண்ணன் மெடெகோ என்ற அமெரிக்க நிறுவனத்தின் பூட்டு ஒன்றைக் கொண்டுவந்து, ஆசாரியை வைத்துக் கதவில் பதித்துவிட்டுப் போனான். அம்மாவுக்கு அந்தப் பூட்டின்மீது தனி மதிப்பு. அந்த மதிப்பில்தான் மாதம் ஒரு முறை அதற்குத் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்.

கெடுதல் அங்கேதான் தொடங்கியது. கடற்காற்றில் வரும் உப்பும் தூசியும் எண்ணெயோடு சேர்ந்து உள்ளே பசையாகிவிட்டன. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். மார்கழி விடியற்காலையில் குப்பிக்குள் வெள்ளையாக இறுகிக் கிடப்பதை நம் ஊரில் பார்க்காதவர் யார்? குப்பிக்குள் நடப்பது பூட்டுக்குள்ளும் நடக்கும். என் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு அம்மா திரும்பிய காலையில் சாவி உள்ளே போயிற்று, சுற்றவில்லை.

நாகர்கோவிலில் பூட்டு வேலை செய்யும் ஒருவரை, தெரிந்தவர் சொல்லி அழைத்தேன். பெயரும் கடையும் இங்கே வேண்டாம். வந்தவர் பூட்டைப் பார்த்த மாத்திரத்தில், "இது எனக்கு தினசரி வேலை அம்மா. துளை போடாமல் அரை மணி நேரத்தில் திறந்து தருகிறேன். எண்ணூறு ரூபாய்" என்றார். வளைந்த கம்பிகளை விட்டுக் குடைந்தார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. பூட்டின் முகம் முழுவதும் கீறல். கடைசியில், "பின்வாசல் சாவி இருக்கிறதா?" என்று கேட்டார். அடுக்களை வாசல் வழியாக உள்ளே போய், கதவின் உட்புறத்தில் இருந்த இரண்டு திருகுகளைத் திருப்புளியால் கழற்றிப் பூட்டைக் கையில் எடுத்தார். இரண்டு நிமிட வேலை. எண்ணூறு ரூபாயையும் வாங்கிக்கொண்டார்.

அந்த இடத்தில் நான் சுதாரித்திருக்க வேண்டும். இந்தப் பூட்டைத் தினமும் திறப்பவராக இருந்தால், அதைக் கம்பியால் திறப்பது எப்படிப்பட்ட வேலை என்று முதல் நிமிடத்திலேயே சொல்லியிருப்பார்.

அது ஏன் கடினம் என்பதை அண்ணன் பிறகு எனக்கு விளக்கினான். நாம் புழங்குகிற பெரும்பாலான உருளைப் பூட்டுகள் 1861-இல் அமெரிக்கரான லைனஸ் யேல் காப்புரிமை பெற்ற முறையில் வேலை செய்பவை. சின்னச் சின்ன முளைகள் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் கீழே இறங்கி, சாவி நுழைகிற உருளையை மறித்துக்கொண்டிருக்கும். சாவியின் பற்கள் ஒவ்வொரு முளையையும் அதனதன் உயரத்துக்குத் தூக்கிவிட்டால் உருளை சுற்றும். கம்பியால் திறப்பவர்களும் அதையே செய்கிறார்கள்: ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்துகிறார்கள்.

மெடெகோ 1968-இல் வர்ஜீனியா மாநிலத்தில் தொடங்கிய நிறுவனம். அவர்கள் அந்த முளைகளைச் சுழலவும் வைத்தார்கள். முளையின் நுனி கூராக இல்லாமல் உளிபோல் பட்டையாக இருக்கும். சாவியின் வெட்டுகளும் நேராக இருக்காது. ஒன்று இடப்பக்கம் சாய்ந்திருக்கும், இன்னொன்று வலப்பக்கம் சாய்ந்திருக்கும், வேறொன்று நேராக இருக்கும். சாவி உள்ளே போகும்போது ஒவ்வொரு முளையும் உயர்வதோடு தன் வெட்டின் சாய்வுக்கு ஏற்பத் திரும்பவும் செய்கிறது. முளைகளின் பக்கவாட்டில் ஒரு பள்ளம் இருக்கிறது. அவற்றை ஒட்டி, பல் வைத்த ஓர் உலோகச் சட்டம் படுத்திருக்கிறது. எல்லா முளைகளின் பள்ளமும் ஒரே நேரத்தில் அந்தச் சட்டத்தின் பற்களுக்கு எதிரே வந்து நின்றால்தான் சட்டம் உள்ளே ஒதுங்கி வழிவிடும். ஆறு முளைகளின் உயரமும் சரியாக இருந்தாலும், ஒரே ஒரு முளை திரும்பாமல் நின்றால் போதும், உருளை அசையாது. எண்ணெய்ப் பசையில் மாட்டிக்கொண்ட முளைகள் உயர்ந்திருக்கும், திரும்பியிருக்காது. எங்கள் சாவி சுற்றாமல் போனதன் காரணம் அவ்வளவுதான்.

திறக்கவே முடியாத பூட்டு என்று நான் சொல்லவில்லை. மார்க் வெபர் டோபியாஸ் என்பவரும் அவருடன் ஆராய்ந்தவரும் 2008-இல் அமெரிக்க மாநாடு ஒன்றில் இதே மெடெகோவின் பலவீனங்களை விளக்கியிருக்கிறார்கள். ஆனால் அதற்கு அவர்கள் நெடுங்காலம் உழைத்திருக்கிறார்கள். நம்மவர் இரண்டு மணி நேரம் தூக்கிக்கொண்டே இருந்தார். திருப்ப வேண்டும் என்பதே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

பூட்டைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சுத்தம் செய்து தருவதாகச் சொன்னார். சம்மதித்தேன். சாவியையும் கேட்டார், கொடுத்தேன். மாற்றுச் சாவி செய்வதற்காகப் பூட்டோடு வந்த அட்டையையும் கேட்டார், அதையும் கொடுத்தேன். அங்கீகாரம் பெற்ற கடையில் அந்த அட்டையைக் காட்டினால்தான் சாவிக்கு நகல் எடுக்க முடியும். வீட்டுப் பத்திரத்தைப்போல வைத்திருக்க வேண்டிய பொருள் அது. மூன்று நாள் பூட்டு, சாவி, அட்டை மூன்றும் ஒரே ஆளிடம் என் கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்தன.

நான்காம் நாள் கொண்டுவந்து மாட்டினார். சாவி வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் சுற்றியது. அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. இரண்டு மாற்றுச் சாவிகளும் தந்தார். 4,500 ரூபாயைக் கைபேசி வழியாக அனுப்பினேன். ரசீது கேட்டதற்கு, ஒரு துண்டுத் தாளில் "பூட்டு வேலை" என்று எழுதித் தந்தார். கடைப் பெயர் இல்லை, தேதி இல்லை.

இருபத்தைந்து நாள் கழித்து அண்ணன் காணொளி அழைப்பில் வந்தான். பேச்சுவாக்கில் மாற்றுச் சாவி செய்ததைச் சொன்னேன். காட்டு என்றான். கேமராவுக்கு அருகில் பிடித்தேன்.

"வெட்டெல்லாம் நேராக இருக்கிறதே. சாய்வே இல்லையா?"

"இல்லை."

"அதைப் போட்டால் கதவு திறக்கிறதா?"

"நன்றாகத் திறக்கிறது அண்ணா."

சிறிது நேரம் அவன் பேசவில்லை. பிறகு சொன்னான்: "திறக்கக் கூடாது."

அன்று மாலையே கோட்டாறில் லேத் பட்டறை வைத்திருக்கிற மாமாவை அழைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனேன். மாமா இரும்பு வேலையில் நாற்பது ஆண்டு அனுபவம் உள்ளவர். ஆனால் பூட்டுத் தொழில் தெரியாதவர். கழற்றுவதற்கு முன் ஒரு சின்னத் திருப்புளியையும் வளைத்த கம்பியையும் விட்டுப் பார்த்தார். இருபது நிமிடத்தில் பூட்டின் நாக்கு சத்தத்தோடு உள்ளே போயிற்று. எனக்குக் கை நடுங்கிவிட்டது. அம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

பிறகு தாழ்வாரத்தில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து, மாமா பூட்டை அதன்மேல் வைத்துப் பிரித்தார். உருளையை வெளியே இழுப்பதற்கு முன், அதே பருமனில் ஒரு மரக்குச்சியைக் கடைந்து வைத்துக்கொண்டு, உருளை வெளியேற வெளியேற அதைப் பின்னாலேயே செலுத்தினார். அப்படிச் செய்யாவிட்டால் மேலே உள்ள முளைகளும் ஸ்பிரிங்குகளும் தெறித்துவிடும் என்றார். பூட்டுத் தொழில் தெரியாத மாமாவுக்கே தோன்றிய அந்த எச்சரிக்கை, தொழில் தெரியும் என்று சொன்னவருக்குத் தோன்றவில்லை என்பது அடுத்த நிமிடம் தெரிந்தது.

ஆறு முளைகள் இருக்க வேண்டிய இடத்தில் நான்குதான் இருந்தன. இருந்த நான்கிலும் அரம் போட்ட தடம். வரிசை குழம்பிப் போனதால் உயரம் பொருந்தவில்லை. அதற்காக, எங்கள் சாவிக்கு உருளை சுற்றும்வரை முளைகளைத் தேய்த்திருக்கிறார். இரண்டு அறைகளில் பால்பாயிண்ட் பேனாவின் ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டிருந்தார். பக்கவாட்டில் அந்த உலோகச் சட்டம் இருக்க வேண்டிய பள்ளத்தில் சட்டமும் இல்லை, அதைத் தள்ளும் இரண்டு சின்ன ஸ்பிரிங்குகளும் இல்லை. கிரீஸ் மட்டும் நிறைந்திருந்தது. பிரித்ததைத் திரும்பக் கோக்கத் தெரியாமல், மறிக்கிற ஒவ்வொன்றையும் எடுத்து எறிந்திருக்கிறார். சாவி அவ்வளவு இலகுவாகச் சுற்றியதற்கு அதுதான் காரணம். பூட்டு திறக்கிறதா என்றுதான் நாங்கள் பார்த்தோம். எதற்கெல்லாம் திறக்காமல் இருக்கிறது என்று பார்க்கவில்லை.

போய்க் கேட்டேன். "சாவி சுற்றுகிறதா இல்லையா? கதவு பூட்டுகிறதா இல்லையா? பிறகென்ன?" என்றார். காணாமல்போன உலோகச் சட்டத்தைப் பற்றிக் கேட்டதும், அது முன்பே இருந்திருக்காது என்றார். பிரிப்பதற்கு முன் நான் ஒரு படம்கூட எடுத்து வைத்திருக்கவில்லை. எண்ணூறு ரூபாய்க்குத் திறப்பதாகச் சொல்லித் திறக்காமல் போனது எனக்கு வருத்தமில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லாமல், தனியாக இருக்கும் ஒரு கிழவியின் கதவைத் திறந்து போட்டுவிட்டு, அதைப் பூட்டு என்று கையில் கொடுத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது பணம் அனுப்பிய பதிவையும், மாமா பிரித்தபோது எடுத்த படங்களையும் வைத்து, நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதியிருக்கிறேன். ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட புகார்களுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் கேட்டுக்கொண்டேன்; பொறுமையாகப் பதில் சொன்னார்கள்.

சாய்வெட்டுச் சாவி உள்ள பூட்டு உங்கள் வீட்டில் இருந்தால் எண்ணெய் விடாதீர்கள், முக்கியமாகத் தேங்காய் எண்ணெய். பழுது பார்க்க வருபவரிடம் சாவியைக் காட்டி, வெட்டு ஏன் சாய்ந்திருக்கிறது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர் கையில் கொடுக்காதீர்கள். பிரிப்பதாக இருந்தால் உங்கள் வீட்டுத் திண்ணையில், உங்கள் கண் முன்னால், ஒரு துணிமேல் வைத்துப் பிரிக்கட்டும். அட்டையை யாரிடமும் கொடுக்க வேண்டாம். சாதாரண இயந்திரத்தில் நேராக வெட்டிய சாவி உங்கள் பூட்டைத் திறந்தால் மகிழ்ச்சி அடையாதீர்கள். அன்றிரவே கதவுக்கு வேறு வழி பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிறகு மார்த்தாண்டத்தில் வயதான ஒரு பூட்டுக்காரரிடம் இந்த உருளையைக் காட்டினேன். சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது மகளே. நான் தொட்டால் கெட்டுவிடும். திண்டுக்கல் பூட்டு என்றால் கொண்டு வா" என்றார். ஒரு ரூபாயும் வாங்கவில்லை. அவரிடமே நெம்புகோல் வைத்த ஒரு திண்டுக்கல் பூட்டை வாங்கினேன். அம்மாவின் கதவில் இப்போது அதுதான் தொங்குகிறது. இரவில் உள்ளே போட தாத்தா காலத்துக் குறுக்குக் கட்டை இருக்கிறது. அம்மாவால் அதைத் தனியாகத் தூக்க முடியாது என்பதால் பக்கத்து வீட்டு மைனியின் மகள் ராத்திரி வந்து போட்டுவிட்டு, துணைக்கு அங்கேயே படுத்துக்கொள்கிறாள். அண்ணன் சித்திரையில் புதிய உருளையோடு வருகிறான்.

அட்டையைக் கேட்டு மூன்று முறை கடைக்குப் போய்விட்டேன். தேடிப் பார்ப்பதாகச் சொல்கிறார். எங்கள் கையில் தந்தது இரண்டு மாற்றுச் சாவிகள். மொத்தம் எத்தனை வெட்டினார் என்று கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.