சின்ன நகரமா, பெருநகரமா: வாடகையைத் தாண்டி ஒரு கணக்கு

சின்ன நகரத்துக்குக் குடிபோகலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் வாடகையைத்தான் ஒப்பிடுகிறார்கள். வாடகை குறையும், சரி. கூடவே சம்பளமும் குறையும். இயற்பியலாளர்கள் ஜெஃப்ரி வெஸ்ட், லூயிஸ் பெட்டன்கோர்ட் உள்ளிட்டோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு நகரத்தின் மக்கள்தொகை இரு மடங்கானால் தலைக்குரிய வருமானம் சுமார் பத்து சதவீதம் கூடுகிறது. குற்றங்களும் தொற்றுநோயும்கூட ஏறக்குறைய அதே வேகத்தில் கூடுகின்றன. நல்லதை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்ள வழியில்லை.

அதனால் நான் முதலில் கேட்கச் சொல்வது வேறு கேள்வி. கையில் இருப்பது போய்விட்டால், அதே ஊரில் இன்னொன்று கிடைக்குமா?

வேலையில் இது பளிச்சென்று தெரியும். பெருநகரத்தில் மேலாளரோடு ஒத்துப்போகவில்லை என்றால் வீடு மாற்றாமல், பிள்ளையின் பள்ளி மாற்றாமல் வேறு நிறுவனத்துக்குத் தாவிவிடலாம். சின்ன நகரத்தில் உங்கள் துறைக்கு ஒரே நிறுவனம்தான் இருக்கும் என்றால், வேலையை விடுவதும் ஊரை விடுவதும் ஒன்றுதான். அது உங்கள் மேலாளருக்கும் தெரியும். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் சிக்கல் இன்னும் கூடும். ஒருவருக்கு வேலை அமைந்து மற்றவருக்கு அமையாதபோது, விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் மனைவிதான். சின்ன நகரத்தைப் புகழ்கிறவர்கள் இதைப் பேசாமலே போவது எனக்கு வருத்தம்.

மருத்துவமும் அப்படித்தான். ஒவ்வொரு சேவையும் நிலைத்து நிற்க இத்தனை பேராவது தேவை என்பதை ஜெர்மன் புவியியலாளர் வால்டர் கிறிஸ்டாலர் 1933-லேயே விளக்கிவிட்டார். பொது மருத்துவர் ஒருவருக்குச் சில ஆயிரம் பேர் போதும். குழந்தைகளுக்கான இதய அறுவை சிகிச்சைக்குப் பல லட்சம் பேர் வேண்டும். பக்கவாதம் வந்தால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். அதற்கு முன் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். சின்ன நகரத்தில் மருத்துவமனை பத்து நிமிடத்தில் வந்துவிடும். ஆனால் இரவு 2 மணிக்கு அங்கே ஸ்கேன் எடுக்க ஆள் இருக்குமா? குடிபோகும் முன் நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இதை விட முக்கியமான விசாரிப்பு வேறு இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் சின்ன நகரம் என்னை இழுக்கிறது. காரணம் நேரம். மனிதர்கள் ஒரு நாளில் போய்வரச் செலவிடுவது சராசரியாக ஒரு மணி நேரம் என்பார் இத்தாலிய இயற்பியலாளர் சேசரே மார்ச்செட்டி. பெருநகரவாசிகள் பலருக்கு ஒரு பக்கப் பயணத்துக்கே அது போதாது. சின்ன நகரத்தில் ஐந்தரைக்கு வேலை முடிந்தால் ஐந்தே முக்காலுக்கு வீடு. வெளிச்சம் இருக்கும்போதே பிள்ளையின் சைக்கிளைப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடலாம். போக வர இப்படி மிச்சமாகும் ஒன்றரை மணி நேரத்தை எந்தச் சம்பள உயர்வும் திருப்பித் தராது.

அப்புறம், ஆட்கள். குழாய் ரிப்பேர்காரர் சொன்ன நேரத்துக்கு வருவார், ஏனென்றால் நாளைக்கே உங்கள் முகத்தில் விழிக்க வேண்டும். அதே நெருக்கம் விவாகரத்தானவருக்கும், புதிதாக வாழ்க்கையைத் தொடங்க நினைப்பவருக்கும் மூச்சு முட்டும். யாரும் திரும்பிப் பார்க்காத தெரு அவர்களுக்குப் பெரிய விடுதலை. அதைப் பெருநகரம்தான் தரும்.

பொழுதுபோக்கை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பெருநகரத்தில் இருக்கும் பலருக்கு அதை அனுபவிக்க நேரம் இருப்பதில்லை.

என் முடிவு இது. ஒரே முதலாளியை நம்பாத பிழைப்பும், இரண்டு மணி நேரத் தொலைவில் பெரிய மருத்துவமனையும் இருந்தால் சின்ன நகரம். இருவருமே சிறப்புத் துறையில் இப்போதுதான் கால் ஊன்றுகிறீர்கள் என்றால் பெருநகரம். சொந்த வீடு இருந்தால் உடனே விற்காமல், வாடகைக்கு விட்டுவிட்டு ஒரு வருடம் போய் இருந்து பாருங்கள்.