புது ஏர் ரைபிள்: கோத்தகிரிக் குளிரில் எப்படி?

பேரலை (குழலை) மடக்கி ஸ்பிரிங் ஏற்றும், 0.177 அங்குலக் குழல் விட்டமுள்ள ரகம். கட்டை (துப்பாக்கியின் மரப் பகுதி) கைக்கு நன்றாகப் பொருந்துகிறது. ட்ரிக்கர் கொஞ்சம் கனம், பழகிவிடும். ஆனால் புதுசிலேயே பெல்லட் (சிறு குண்டு) ஒரே இடத்தில் விழவில்லை, வேகமும் குறைவு.

முதலில் கட்டையைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைப் பாருங்கள். பிஸ்டன் உதைப்பில் இவை தளரும். கழற்றி, பிசுக்கைத் துடைத்து, நீல லாக்டைட் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு வைத்து இறுக்கினால் போதும். மரம் நசுங்கும் அளவுக்கு முறுக்காதீர்கள்.

அப்புறம் காற்றுக் கசிவு. பேரல் மூடும் இணைப்பின் மேல் ஒரு டிஷ்யூ துண்டை வைத்து, பெல்லட் போட்டுத் தாள் இலக்கில் சுடுங்கள். துண்டு துள்ளினால் அந்த இணைப்பை அடைக்கும் வாஷர்தான் குற்றவாளி. இதில் ரப்பர் வாஷர் விளிம்புக்குள் அமுங்கியே வந்திருக்கிறது. அடியில் மெல்லிய ஷிம் (இடையில் வைக்கும் வளையம்) கொடுத்து, இம்மியளவு வெளியே துருத்த வைத்ததும் சரியானது. நூறு ரூபாய்கூடப் பெறாத வாஷரைத் தொழிற்சாலையிலேயே பார்த்திருக்க வேண்டும். இதைச் செய்யும்போது பேரலை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்; தவறி மூடினால் விரல் போய்விடும்.

டிஷ்யூ அசையாமலும் வேகம் இல்லையென்றால் பிஸ்டன் சீல், அல்லது ஸ்பிரிங். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் பிரிக்கக் கூடாது, வாரண்டியில் அனுப்புங்கள்.

மலைக் குளிரில் கிரீஸ் இறுகுவதால் காலையில் வேகம் சற்றுக் குறைவது இயல்பு. அதற்காகக் காற்றுத் துளையில் (பிஸ்டன் காற்றைப் பேரலுக்குத் தள்ளும் துளை) எண்ணெய் விடாதீர்கள்: அழுத்தத்தில் அது பற்றி வெடித்துச் சீலைக் கெடுக்கும். பெல்லட் இல்லாமல் சுடுவதும் கூடாது. பனிமூட்டத்தில் துரு சீக்கிரம் பிடிக்கும், வெளிப்புறத்தை மட்டும் எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள்.