ஒரே சிவப்புக் குச்சி, மூன்று கிருமிகள்

சளியில் காசநோய்க் கிருமி என்று சொன்ன அன்றைக்கே, தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் என் பெரியம்மாவுக்குத் தனித் தட்டும் தனி டம்ளரும் வந்துவிட்டன. வருடம் தவறாமல் ஆடிக் கூழ் பூசைக்கு அடுப்படியில் நின்றவர், அந்த ஆண்டு கோயில் பக்கமே போகவில்லை. வாரங்கள் கழித்து, சளியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையின் முடிவு வந்தது. காசநோய் இல்லை, அதன் கிருமிக்கு உறவான மைக்கோபாக்டீரியம் கான்சாசி.

ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள் என்பதால் இந்தக் குழப்பத்தை நான் அடிக்கடி பார்க்கிறேன். சளியில் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தால் காசநோய்க் கிருமி, கான்சாசி, அதே இனத்தைச் சேர்ந்த ஏவியம் மூன்றுமே சிவப்புக் குச்சிகள்தான். கான்சாசி கொஞ்சம் நீளமாக, குறுக்குப் பட்டைகளோடு தெரியும் என்பார்கள். அதை மட்டும் நம்பி நான் முடிவு எழுத மாட்டேன்.

வளர்த்துப் பார்த்தால் கதையே வேறு. காசநோய்க் கிருமி கரடுமுரடான, வெளிர்மஞ்சள் கலந்த வெள்ளைத் திட்டாக வளரும். வெளிச்சம் பட்டாலும் அப்படியேதான் இருக்கும். ஏவியமும் பெரும்பாலும் நிறம் மாறாது. கான்சாசியை இருட்டில் வளர்த்தால் வெளிறிக் கிடக்கும். வெளிச்சத்தில் வைத்துவிட்டு மறுநாள் பாருங்கள், மஞ்சள் பூசிக் குளித்தது போல நிற்கும்! பீட்டா கரோட்டின் என்ற நிறமி செய்யும் வேலை அது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த மஞ்சளைப் பார்த்தால் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

இருப்பிடமும் வேறு. காசநோய்க் கிருமி மனிதரிடமிருந்து மனிதருக்குக் காற்றில் பரவுவது. ஏவியம் மண்ணிலும் தண்ணீரிலும் வாழும். கான்சாசிக்குக் குழாய்த் தண்ணீர்தான் முக்கிய வீடு, மண்ணில் அரிது. நம் நாட்டுத் தங்கச் சுரங்கத் தொழிலாளரிடம் அது நெடுங்காலமாகவே தெரிந்த நோய். சிலிக்கா தூசி அரித்த நுரையீரல் அதற்கு வசதி. ஏவியம், கான்சாசி இரண்டும் ஆளுக்கு ஆள் தொற்றுவதாகப் பொதுவாகக் கருதப்படுவதில்லை. பெரியம்மாவின் தனி டம்ளருக்குத் தேவையே இருந்ததில்லை.

ஏமாற்றுவதில் கான்சாசிதான் முதல். நுரையீரலின் மேல்பகுதியில் காசநோய் போலவே குழி விழும். காசநோய்க்கான இரத்தப் பரிசோதனை பயன்படுத்தும் இரு புரதங்கள் இதனிடமும் இருப்பதால் அதுவும் பாசிட்டிவ் காட்டலாம். ஏவியத்திடம் அந்தப் புரதங்கள் இல்லை.

மருந்தில்தான் ஆபத்து. காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம்: ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட், முதல் இரண்டு மாதம் கூடவே பைராசினமைடு, எதாம்பியூட்டால். கான்சாசிக்குப் பைராசினமைடு வேலை செய்யாது. மற்ற மூன்றும் பொதுவாகக் கேட்கும், ஆனால் ஏறக்குறைய ஒரு வருடம் வேண்டும். தவறிக் காசநோய் என்று மருந்து கொடுத்தாலும் ஆள் தேறுவது போல இருக்கும், ஆறாம் மாதம் நிறுத்திவிடுவோம். ஏவியத்துக்கு அசித்ரோமைசின் போன்ற மருந்து அடிப்படை. சளி வளர்ப்பு நெகட்டிவ் ஆன பிறகும் ஒரு வருடம் தொடர வேண்டும்.

ஜீன்எக்ஸ்பர்ட் என்ற மரபணுச் சோதனை காசநோய்க் கிருமிக் குழுவைத்தான் தேடும். நுண்ணோக்கியில் குச்சி தெரிந்தும் ஜீன்எக்ஸ்பர்ட் 'இல்லை' என்றால், "எந்த வகைக் கிருமி என்று பார்த்தீர்களா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள். ஒரே ஒரு சளி மாதிரியில் ஏவியம் வந்ததற்காகவும் மாத்திரை தொடங்கிவிடக் கூடாது. தண்ணீரில் இருந்தது கலந்திருக்கலாம். தனித்தனியாக எடுத்த இரண்டு மாதிரி, நோயாளியின் தொல்லை, எக்ஸ்ரே எல்லாம் ஒத்துப்போக வேண்டும்.

பெரியம்மாவுக்கு இப்போது ஒன்பதாம் மாத மாத்திரை நடக்கிறது.