டிஎஸ்9 பெடலை 808 ஆக்கித் தருகிறோம் என்பவர்களிடம் கொடுக்கும் முன்

கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஐபனீஸ் டிஎஸ்9 ட்யூப் ஸ்க்ரீமர் பெடல் ஒன்றை, அதன் முந்தைய வடிவமான டிஎஸ்808 போல மாற்றியமைக்கக் கொடுத்தோம். ரசீதில் நான்கு வேலைகள்: பழைய ஜேஆர்சி4558டி சிப் போடுவது, வெளியீட்டு ரெசிஸ்டர்களை டிஎஸ்808-இன் மதிப்புக்கு மாற்றுவது, ஒலி அலையின் முனையை வெட்டிக் கரகரப்பூட்டும் கிளிப்பிங் டயோட்களை ஜெர்மானியம் ஆக்குவது, ட்ரூ பைபாஸ் (பெடலை அணைத்தால் கிட்டார் சத்தம் சுற்றுக்குள் போகாமல் நேரே வெளியேறும் வழி) பண்ணுவது. நான்குக்கும் தனித்தனியே பணம் வாங்கினார்கள். திரும்பி வந்த பெடலைத் திறந்து பார்த்தால் நடந்திருந்தது ஒரே ஒரு வேலை. அதுவும் கெடுத்து வைத்த வேலை.

சிப்பை மட்டும் மாற்றியிருந்தார்கள். அதன் தலையில் அசிட்டோன் நனைத்த பஞ்சை வைத்துத் தேய்த்ததும் கறுப்புப் பூச்சு கரைந்து வந்தது, எழுத்தும் கூடவே போனது. அடியில் தேய்த்து மழித்த தடம். வேறு ஏதோ சிப்பைச் சுரண்டி, பூசி, பழைய பெயரை அச்சடித்து விற்கிற சரக்கு அது. பழைய சிப்பைப் பிடுங்கும்போது அதிகச் சூடு கொடுத்ததில் இரண்டு கால்களின் செம்புத் தடம் பலகையிலிருந்து எழும்பிவிட்டது. அதனால்தான் பெடலை மிதிக்கும்போது சில நேரம் சத்தம் அறுந்து அறுந்து வந்தது.

இந்தப் பெடலில் சிப்புக்காகப் பெரிய பணம் கொடுப்பதே வீண் என்பது எங்கள் உறுதியான கருத்து. டிஎஸ்808-க்கும் டிஎஸ்9-க்கும் சுற்று ஏறக்குறைய ஒன்றுதான். கணக்கில் வருகிற வித்தியாசம் வெளியீட்டில் இருக்கும் இரண்டு ரெசிஸ்டர்கள்: 808-இல் 100 ஓமும் 10 கிலோ ஓமும், டிஎஸ்9-இல் 470 ஓமும் 100 கிலோ ஓமும். இரண்டும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். அவற்றைத்தான் தொடவே இல்லை.

இதைப் பெடலைத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம். பேட்டரியையும் அடாப்டரையும் கழற்றிவிட்டு, அவுட்புட்டில் மட்டும் ஒரு கேபிள் சொருகி, அதன் மறுமுனையில் நுனிக்கும் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். சில நொடிகளில் எண் நிற்கும். 10 கிலோ ஓம் பக்கம் வந்தால் மாற்றியிருக்கிறார்கள், 100 கிலோ ஓம் பக்கம் வந்தால் இல்லை. எங்களுக்கு வந்தது 100.

ட்ரூ பைபாஸ் பொய்யைப் பிடிப்பது இன்னும் எளிது. மின்சாரமே இல்லாமல் கிட்டாரையும் ஆம்ப்பையும் இணைத்து மிதித்துப் பாருங்கள். ட்ரூ பைபாஸ் என்றால் சுவிட்சின் ஒரு நிலையில் கிட்டார் சத்தம் அப்படியே ஆம்ப்புக்குப் போக வேண்டும். டிஎஸ்9-இல் இயல்பாக இருப்பது பஃபர் வழி, அதாவது அணைத்திருந்தாலும் சத்தம் மின்சாரத்தில் ஓடும் ஒரு சுற்று வழியாகத்தான் போகும்; மின்சாரம் இல்லாவிட்டால் மௌனம்தான். அதோடு அந்த மிதிபலகைக்கு அடியில் இருப்பது சின்ன அழுத்து சுவிட்ச். ட்ரூ பைபாஸுக்குப் போடும் 9 கால் சுவிட்ச் அந்த இடத்தில் சும்மா உட்காராது. பெட்டியில் வேலை செய்ய வேண்டும், அல்லது ரிலே பலகை வைக்க வேண்டும். வெளியே ஒரு மாற்றமும் தெரியாமல், உள்ளே புதிய பலகையும் இல்லாமல் ட்ரூ பைபாஸ் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

டயோட் விஷயத்தில்தான் காதையே ஏமாற்றுகிறார்கள். இந்தப் பெடலில் இரண்டு சிலிக்கான் டயோட்கள் எதிரெதிராக, சிப்பின் பின்னூட்டப் பாதையில் இருக்கின்றன. சிலிக்கான் சுமார் 0.6 வோல்ட்டில் வெட்டத் தொடங்கும், ஜெர்மானியம் 0.3 வோல்ட்டுக்குள்ளேயே. ஆகவே ஜெர்மானியம் போட்டால் கிளிப்பிங் சீக்கிரம் வரும், மென்மையாகும், கூடவே சத்தமும் குறையும். எங்களுக்கு வாசித்துக் காட்டியபோதோ சத்தம் கூடியிருந்தது! லெவல் குமிழைத் திருப்பி வைத்திருந்தார்கள், அவ்வளவே. கொஞ்சம் சத்தம் கூடினாலே டோன் செழித்ததாகக் காது சொல்லிவிடும். மல்டிமீட்டரின் டயோட் சோதனையில் இரண்டும் 0.6-ஐ ஒட்டியே காட்டின. அதாவது பழைய டயோட்கள்தான்.

எனவே ஒப்பிட்டுக் கேட்கும்போது ஆம்ப்பை, அதன் சத்தம் தானாகவே கரகரக்கத் தொடங்கும் நிலைக்குச் சற்றுக் கீழே வையுங்கள். மாற்றாத டிஎஸ்9 ஒன்றைப் பக்கத்தில் வைத்து, இரண்டின் சத்தமும் சமமாகும்வரை லெவலைத் திருத்துங்கள். பிறகு டிரைவை (கரகரப்பின் அளவைக் கூட்டும் குமிழை) முழுக்கக் குறைத்து ஒரு முறை, பாதியில் ஒரு முறை. வாசித்துக் காட்டுகிறவர் ஏற்கெனவே கிழிகிற ஆம்ப்பில் சொருகினால் நிறுத்தச் சொல்லுங்கள். அங்கே எல்லாப் பெடலும் ஒன்றுபோலத்தான் கேட்கும்.

டோனை உண்மையிலேயே மாற்ற விரும்பினால் கேட்க வேண்டிய இடம் வேறு. சிப்பின் முதல் கட்டத்தில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரும் 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் தொடராக இருக்கின்றன. இவை சேர்ந்து சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கத்தைக் குறைக்கின்றன. ட்யூப் ஸ்க்ரீமரின் அந்த நடு அலை முனைப்பும், பேஸ் குழம்பாமல் நிற்பதும் பெரிதும் இதனால்தான். கெபாசிட்டரை 0.1 ஆக்கினால் எல்லை சுமார் 340 ஹெர்ட்ஸுக்கு இறங்கும், அடிச்சத்தமும் கிளிப் ஆகும். தனியாக வாசிக்கையில் பருமனாக இருக்கும். பேஸ் கிட்டாரோடு சேரும்போது சேறாகும். ஆம்ப்பைத் தள்ள மட்டும் பெடல் வைத்திருப்பவர் இதைத் தொடவே வேண்டாம்.

ப்ரோகோ ராட் என்ற இன்னொரு கரகரப்புப் பெடலிலும் இதே வியாபாரம் நடக்கிறது. பழைய எல்எம்308 சிப் என்று விலை ஏற்றுவார்கள். அதன் வேகம், அதாவது வெளியீட்டு வோல்ட் மாறக்கூடிய வேகம், மைக்ரோ நொடிக்கு 0.3 வோல்ட், பின்னாளில் வந்த ஓபி07-க்கும் அதேதான். அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. ஆனால் டிஎல்071 போன்ற வேகமான சிப்பைச் சொருகிக் கொடுத்தால் முனை கூர்மையாகிக் கத்தும், அதைக் கேளாமல் விடாதீர்கள்.

பெடலோடு 18 வோல்ட் அடாப்டரையும் தலையில் கட்டினால் வாங்காதீர்கள். உள்ளே 16 வோல்ட் கெபாசிட்டர் இருந்தால் வீங்கும். க்ளோன் சென்டார் பெடலைப் பின்பற்றிய சில பெடல்களில் இருக்கும் ஐசிஎல்7660எஸ் சிப் 12 வோல்ட் வரைக்கும்தான்; 18 வோல்ட் கொடுத்தால் எரிந்துபோகலாம்.

கொடுக்கும் நாளில் பலகையின் இரண்டு பக்கத்தையும் வரிசை எண்ணையும் படம் எடுங்கள். எந்த ரெசிஸ்டர் எந்த மதிப்பாகப் போகிறது என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய சிப்பும் ரெசிஸ்டரும் டயோடும் பொட்டலமாகத் திரும்ப வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். அவுட்புட் சோதனையையும் மின்சாரம் இல்லாத சோதனையையும் அவர்கள் மேசையிலேயே, அவர்கள் கண் முன்னால் செய்துவிட்டு மிச்சப் பணத்தைக் கொடுங்கள்.