வேரியபிள் ஸ்பீடு பம்ப் என்று சொல்லி சாதா மோட்டாரை விற்றுவிட்டார்கள்: வீட்டில் சின்ன நீச்சல் குளம் வைத்திருப்பவர்கள் படியுங்கள்

கோவையில் தொண்டாமுத்தூர் பக்கம் எங்கள் வீடு. பின்னால் ஒரு சின்ன நீச்சல் குளம் இருக்கிறது. ஆறு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், 1.2 மீட்டர் ஆழம். அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோய், தண்ணீருக்குள் நடந்து பழகச் சொன்னார்கள். அதற்காகத்தான் கட்டினோம். தினமும் காலையில் அரை மணி நேரம் அம்மா அதில் இறங்கி நடப்பார்.

குளத்துத் தண்ணீரை ஃபில்டர் வழியாகச் சுற்றிவிடுகிற பழைய பம்ப் 1.5 எச்பி. மீட்டரில் பார்த்தால் 1.1 கிலோவாட் இழுக்கும். தினம் ஆறு மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் கிட்டத்தட்ட 400 யூனிட் அதற்கே போய்விடும். அது தேய்ந்துபோனதும் வேரியபிள் ஸ்பீடு பம்ப், அதாவது வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிற பம்ப், வாங்கலாம் என்று முடிவு செய்தேன். அந்த முடிவில் தப்பில்லை. பம்பின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் வருகிற தண்ணீரும் பாதியாகும். இழுக்கிற மின்சாரமோ கணக்குப்படி எட்டில் ஒரு பங்குக்கு இறங்கிவிடும். நடைமுறையில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அப்படியும் மெதுவாக அதிக நேரம் ஓட்டுவதுதான் லாபம்.

நகரில் நீச்சல் குளச் சாமான் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். "பழசு ஒன்றரைன்னா புதுசும் ஒன்றரையே இருக்கட்டுங்க. இந்தக் குமிழைத் திருகினாப் போதும், வேகமும் குறையும், கரண்டும் குறையும்" என்றார்கள். பம்புடன் சுவரில் மாட்டுகிற ஒரு கறுப்புப் பெட்டி. அதில் குமிழ், பக்கத்தில் 30, 50, 100 என்று சதவீதம் காட்டும் சின்னத் திரை. 68,000 ரூபாய் கொடுத்தேன். பில்லில் 'ஸ்விம்மிங் பூல் பம்ப் செட் - 1' என்று மட்டும் இருந்தது. மாடல் எண் இல்லை, 'வேரியபிள் ஸ்பீடு' என்ற சொல்லும் இல்லை. அன்றைக்கே அதைக் கேட்டிருக்க வேண்டும்.

முதல் பில்லுக்குக் காத்திருக்காமல் ஒரு ராத்திரி வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பம்பை மட்டும் ஓட்டி மீட்டரைப் பார்த்தேன். 100 சதவீதத்தில் 1.1 கிலோவாட். குமிழை 50-க்குத் திருகினேன். 0.9. மோட்டாரின் சத்தம் மாறி ஒரு மாதிரி உறுமியது. உடம்பில் கை வைக்க முடியாத சூடு. கடைக்குப் போன் செய்தால், "புதுசுல அப்படித்தான் இருக்குங்க, ஓட ஓட சரியாயிடும்" என்று பதில்.

சுமார் ஐந்தாவது வாரம் ஈஎல்சிபி, அதாவது மின்சாரம் கசிந்தால் தானாக லைனை வெட்டுகிற சுவிட்ச், விழ ஆரம்பித்தது. தூக்கிவிட்டால் பத்து நிமிடத்தில் மறுபடியும் விழும். கடையிலிருந்து ஒரு பையன் வந்தான், கால் மணி நேரம் என்னவோ செய்தான், "இனி விழாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். விழவும் இல்லை. மூன்று நாள் அம்மா அந்தத் தண்ணீரில் நடந்தார்.

நாலாவது நாள் அம்மா இறங்குவதற்கு முன், எறும்பு போவதைப் பார்த்து தற்செயலாகத்தான் ஈஎல்சிபி இருக்கிற போர்டின் மூடியைக் கழற்றினேன். ஈஎல்சிபியின் மேல் முனையிலிருந்து கீழ் முனைக்கு, விரல் நீளத்தில் ஒரு சிவப்பு ஒயர். பக்கத்திலேயே ஒரு கறுப்பு ஒயர். இரண்டும் புதுசு, நுனியில் செம்பு பளபளத்தது. அதாவது 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை வெட்டி உயிரைக் காப்பாற்ற வேண்டிய கருவியைத் தாண்டி, நேராக லைன் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். மெயினை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். 68,000 போனதுகூட எனக்குப் பெரிதில்லை. இந்த ஒயரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மோட்டாரைக் கழற்றி, கணபதியில் காயில் கட்டும் ஒரு பெரியவரிடம் எடுத்துப் போனேன். கடைக்காரர்கள் ஒட்டியிருந்த வண்ண ஸ்டிக்கரின் ஓரத்தை அவர் நகத்தால் சுரண்டினார். அடியில் அசல் நேம் பிளேட்: சிங்கிள் பேஸ், 50 ஹெர்ட்ஸ், 2880 ஆர்பிஎம், கெப்பாசிட்டர் அளவு. "தம்பி, இது ஒரே வேகத்துல ஓடற கெப்பாசிட்டர் மோட்டாருங்க. இதுக்கு வேகத்தைக் குறைக்கறதுன்னா காயிலைக் கருக்கறதுன்னு அர்த்தம்" என்றார். கறுப்புப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஃபேன் ரெகுலேட்டரில் இருக்கிற அதே சமாச்சாரம், கொஞ்சம் பெரிய அளவில். அது வோல்டேஜைத்தான் வெட்டும், மோட்டாரின் வேகத்தை முடிவு செய்கிற அதிர்வெண்ணை, அதாவது அந்த 50 ஹெர்ட்ஸை, தொடாது. வோல்டேஜ் குறைந்ததும் மோட்டார் திணறிச் சூடேறி, காயிலின் இன்சுலேஷன் கருகி, மின்சாரம் பாடிக்குக் கசிந்திருக்கிறது. ஈஎல்சிபி விழுந்ததற்கு அதுதான் காரணம். அது சரியாகத்தான் வேலை செய்தது.

நிஜமான வேரியபிள் ஸ்பீடு பம்பில் காந்த மோட்டாரும் அதை ஓட்டும் இன்வெர்ட்டர் டிரைவும் இருக்கும். இல்லாவிட்டால் த்ரீ பேஸ் மோட்டாருக்குத் தனியாக விஎஃப்டி, அதாவது அதிர்வெண்ணை மாற்றி வேகத்தை மாற்றுகிற கருவி, வைத்திருப்பார்கள். நேம் பிளேட்டில் ஒரே ஒரு ஆர்பிஎம் போட்டு, கெப்பாசிட்டர் அளவும் போட்டிருந்தால், கடைக்காரர் என்ன சொன்னாலும் வாங்காதீர்கள். மேலே ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதை உரிக்கச் சொல்லுங்கள். கடையிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லி, பாதி வேகத்தில் எத்தனை வாட் இழுக்கிறது என்று பாருங்கள். இறக்கம் பெரிதாகத் தெரிய வேண்டும்.

எச்பி விஷயத்திலும் ஏமாந்திருக்கிறேன். என் குளத்தில் 21,600 லிட்டர் தண்ணீர். ஆறு மணி நேரத்தில் அது ஃபில்டர் வழியாக ஒரு சுற்று வர மணிக்கு 3,600 லிட்டர் போதும். என்னிடம் இருக்கிற 16 இஞ்ச் மணல் ஃபில்டர் மணிக்குத் தாங்குவதே சுமார் 6,000 லிட்டர்தான். 1.5 எச்பி பம்ப் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் தள்ளும். அந்த வேகத்தில் தண்ணீர் மணலைத் துளைத்து வழி பண்ணிக்கொள்ளும், அழுக்கு திரும்பக் குளத்துக்கே வரும். இரண்டு வருடமாகத் தண்ணீர் லேசாகக் கலங்கியே இருந்ததற்கு நான் குளோரினைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பேக்வாஷுக்கு, அதாவது தண்ணீரைத் திருப்பி விட்டு மணலைக் கழுவுவதற்கு, மட்டும் அந்த 6,000 லிட்டர் முழுதாக வேண்டும். முக்கால் எச்பியே அதற்குப் போதும்.

இப்போது வேறு இடத்தில் முக்கால் எச்பி இன்வெர்ட்டர் பம்ப் வாங்கியிருக்கிறேன். காலையில் ஒரு மணி நேரம் வேகமாக, வேப்பம்பூவும் சருகும் மேல்மட்டத் தண்ணீரை இழுக்கிற ஸ்கிம்மருக்குள் போவதற்காக. பிறகு எட்டு மணி நேரம் மெதுவாக. மெதுவில் மீட்டர் 0.2 கிலோவாட்டைத் தாண்டவில்லை. அடியில் கிடக்கும் டைல்ஸ் கோடு தெளிவாகத் தெரிகிறது.

பழைய கடை 15,000 திருப்பித் தருவதாகவும், புகார் இல்லை என்று எழுதிக் கொடுக்கவேண்டும் என்றும் சொன்னது. நான் எழுதிக் கொடுக்கவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயார் செய்திருக்கிறேன். பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரைக்கும் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். ஸ்டிக்கர், நேம் பிளேட், அந்த இரண்டு ஒயர், எல்லாவற்றுக்கும் போட்டோ இருக்கிறது. மோட்டாரை சரி செய்யாமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

இதே மாதிரி குமிழ் வைத்த பெட்டி உங்கள் வீட்டில் இருந்தால், தயவுசெய்து யாரையும் குளத்தில் இறக்காதீர்கள். மெயினை அணைத்துவிட்டு, தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் ஈஎல்சிபி போர்டைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.