கிராவலா, பேவர் பிளாக்கா, கான்கிரீட்டா: பூங்கா நடைபாதைக்கு எது எங்கே

நம் ஊர்ப் பூங்காக்களில் மரம் எங்கே வரும், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று யோசிப்பதற்கு முன்பே எஸ்டிமேட்டில் பேவர் பிளாக் வந்து உட்கார்ந்துவிடுகிறது. காரணம் பொறியியல் அல்ல. சதுர மீட்டர் கணக்கில் அளந்து எம்.புக்கில் (செய்த வேலையின் அளவைப் பதியும் புத்தகம்) ஏற்றுவது சுலபம், திறப்பு விழாப் படத்திலும் பளிச்சென்று தெரியும். கிராவல் (சிறுகல் கலந்த மண்) பாதைக்கு ஆண்டுதோறும் கொஞ்சம் மண் போட வேண்டும். அந்தச் சின்னச் செலவுக்கு யார் கையெழுத்துப் போடுவது என்பதுதான் பெரிய சிக்கல்.

பேச்சுக்கு ஒரு பாதையை எடுத்துக்கொள்வோம்: 400 மீட்டர் சுற்று, 1.8 மீட்டர் அகலம், ஆக 720 சதுர மீட்டர். இருவர் பேசிக்கொண்டே நடக்கவும், எதிரே ஒருவர் வந்தால் ஒதுங்கவும் இந்த அகலம் போதும்.

கிராவல்

லாரியில் வந்து கொட்டுவதெல்லாம் கிராவல் அல்ல. ஒரு லிட்டர் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குலுக்கி ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள். மேலே படியும் களியும் வண்டலும் மொத்த மண்ணில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் மழையில் வழுக்கும், வெயிலில் வெடிக்கும். அப்படிப்பட்ட மண்ணில் கிரஷர் தூள் கலந்து சரிசெய்யலாம். களியே படியவில்லை என்றால் அது வெறும் மணல்: ஒட்டாது, காலடியில் சரியும், கோடையில் புழுதியாகப் பறக்கும். 20 மி.மீ.க்கு மேலான கற்களைச் சலித்து எடுத்துவிட வேண்டும். காலையில் வெறுங்காலோடு நடக்க வருகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

இறுகிய பிறகு 100 மி.மீ. கனம் வேண்டும். அதாவது 72 கன மீட்டர். உதிரி மண் இறுகும்போது குறைவதையும் சேர்த்தால் 90 கன மீட்டருக்குச் சற்று மேல், நம் லாரிக் கணக்கில் 32 முதல் 33 யூனிட் (ஒரு யூனிட் என்பது 100 கன அடி). கரிசல் நிலமாக இருந்தால் இதற்கு அடியில் இன்னும் 150 மி.மீ. தாங்கு அடுக்கு இல்லாமல் தொடங்கவே கூடாது. மேல்மண்ணை வழிக்கும்போது கோரைக்கிழங்கையும் பொறுக்கி எடுங்கள். விட்டால் மூன்றாம் மாதம் பாதை நடுவில் முளைக்கும்.

இரண்டு அடுக்காகப் பரப்பி, ஈரம் பார்த்து, சிறிய ரோலர் ஓட்ட வேண்டும். ஈரம் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. ஒரு பிடி மண்ணை இறுக்கிப் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், உள்ளங்கை நனையக் கூடாது, இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் உடைய வேண்டும். காய்ந்த மண்ணில் எத்தனை முறை ரோலர் ஓட்டினாலும் அது டீசல் செலவுதான். வாட்டம், அதாவது நடுவிலிருந்து ஓரத்துக்கு இறங்கும் சரிவு, 30க்கு 1: பாதையின் நடுப்பகுதி ஓரங்களைவிட 30 மி.மீ. உயரமாக நிற்கும்.

கிராவல் பாதைகள் கெடுவது பெரும்பாலும் ஓரத்தில்தான். அழகுக்காகக் கெர்ப் கல்லைப் பாதையைவிட உயரமாக வைத்துவிடுகிறார்கள். மழைநீர் வெளியேற வழியில்லாமல் பாதையே வாய்க்காலாகி மண்ணை அரித்துக்கொண்டு ஓடுகிறது. ஓரக்கல்லின் தலை பாதையின் ஓர மட்டத்துக்கு மேலே ஒரு விரற்கடை கூட நிற்கக் கூடாது, அதற்கு அப்பாலுள்ள புல்தரை இன்னும் தாழ்வாக இருக்க வேண்டும்.

பராமரிப்பு: ஆண்டுக்கு 10 முதல் 15 மி.மீ. மேல்மண். நம் சுற்றுக்கு அது மூன்று, நான்கு யூனிட்தான். கோடையில் தண்ணீர் தெளிப்பும், களைகளைக் கையால் பிடுங்குவதும் கூடுதல் வேலை. தோட்டக்காரர் இல்லாத பூங்காவில் இது நடக்காது, அங்கே கிராவல் வேண்டாம்.

பேவர் பிளாக்

பேவர் பிளாக்குக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 15658-இன் 2006 பதிப்பு, வண்டி போகாத இடத்துக்கு 50 மி.மீ. கனமும் எம்30 தரமும் (எம்முக்குப் பின் வரும் எண் கான்கிரீட்டின் வலிமை), இலகு வண்டி போகும் இடத்துக்கு 60 மி.மீ. கனமும் எம்35 தரமும் சொல்கிறது. நடைபாதைதானே என்று 50 வாங்காதீர்கள். குப்பை வண்டியும் தண்ணீர் டிராக்டரும் ஒரு நாள் உள்ளே வந்தே தீரும். 60 மி.மீ. பிளாக், 200க்கு 100 அளவில், சதுர மீட்டருக்கு 50 வீதம் 36,000 கல், உடைசலுக்கு 5 சதவீதம் கூடுதல்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ரப்பர் மோல்டில் வார்த்த பளபளப்பான கல் கடையில் அழகாக இருக்கும், மழையில் முதியவர்களின் இடுப்பை உடைக்கும். பூங்காவுக்கு ஹைட்ராலிக் பிரஸ்ஸில் அழுத்திய சொரசொரப்பான கல்தான். அதுவும் அடர்ந்த நிழலில் பாசி பிடிக்கும், மழைக்காலத்தில் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டியிருக்கும்.

பிளாக் அமிழ்ந்துவிட்டது என்று புகார் வந்தால், தவறு கல்லுக்குக் கீழே இருக்கும். கல்லுக்கு அடியில் எம்-சாண்ட் மெத்தை 25 முதல் 40 மி.மீ. மட்டுமே இருக்க வேண்டும். அதற்கும் கீழுள்ள ஜல்லி அடுக்கு மட்டமாக இல்லாதபோது, பள்ளத்தை மணலாலேயே நிரப்பி ரசமட்டத்தில் சரிகாட்டிவிடுவது மேஸ்திரிகளின் பழைய வித்தை. 80 மி.மீ. மணல் உள்ள இடம் முதல் மழையிலேயே கிண்ணமாகும். அடுத்த தவறு, ஓரத்தில் கான்கிரீட் பிடிமானம் இல்லாமல் விடுவது. மணல் வெளியே கசியும், இடைவெளி விரியும், கல் ஆடும். இடைவெளியில் மெல்லிய மணலைத் தள்ளி, பிளேட் வைப்ரேட்டர் ஓட்டி, மறுபடி மணல் தள்ள வேண்டும். அங்கே சிமென்ட் கலவை பூசினால் பிளாக்கின் ஒரே பெரிய வசதி, அதாவது பெயர்த்து எடுத்துத் திரும்பப் பதிக்கலாம் என்பது, போய்விடும்.

தண்ணீர் இறங்கும் என்பதற்காகவே பிளாக்கைச் சிபாரிசு செய்பவர்கள் உண்டு. 2 முதல் 4 மி.மீ. இடைவெளியில் ஓராண்டு தூசி அடைத்த பிறகு இறங்குவது சொற்பம். அதை நம்பி மழைநீர் வடிகாலைக் குறைக்காதீர்கள்.

கான்கிரீட்

100 மி.மீ. எம்20, மொத்தம் 72 கன மீட்டர். கன மீட்டருக்கு ஏறக்குறைய எட்டு மூட்டை சிமென்ட். சமதளம், சக்கர நாற்காலிக்கு உகந்தது, பராமரிப்பு குறைவு. ஆனால் வெயிலை வாங்கி மாலை வரை அனலடிக்கும், தினமும் நடப்பவர்களின் முழங்கால் அதை விரும்பாது. 3 மீட்டருக்கு ஒரு வெட்டு, கனத்தில் நான்கில் ஒரு பங்கு ஆழத்துக்கு, போட்ட அன்றே விழ வேண்டும். மறுநாள் வெட்டிக்கொள்ளலாம் என்றால் விரிசல் முந்திக்கொள்ளும். மேற்பரப்பைக் கரண்டியால் மழமழப்பாக்காமல் துடைப்பம் இழுத்து விடுங்கள். நம் வெயிலில் பத்து நாள் ஈரம் காக்க வேண்டும். குறுக்கே போகும் சொட்டுநீர்க் குழாய்களுக்கு 110 மி.மீ. பிவிசி உறைகளை முன்பே புதைக்காதவர்கள், பிறகு டிரில் வாடகை கொடுப்பார்கள்.

மரம் என்ன சொல்கிறது

பிளாக்குக்கு ஜல்லி, மணல், கல் எல்லாம் சேர்த்து 200 மி.மீ.க்குக் குறையாமல் தோண்ட வேண்டும். தூங்குமூஞ்சி, வாகை, புங்கன் போன்றவற்றின் உணவு வேர்கள் இருப்பதும் அதே ஆழத்தில்தான். வேரை வெட்டிய மரம் இரண்டு ஆண்டு பச்சையாகவே நிற்கும், பிறகு ஒரு காற்றில் சாயும். கிராவலைத் தோண்டாமல் தரைமேலேயே மெல்லிசாகப் போடலாம் என்பதால், வளர்ந்த மரங்களுக்கு நடுவே எங்கள் தேர்வு அதுதான். டெல்லியில் 2013-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட்டை அகற்றச் சொன்னது. பெரிய மரத்துக்கு அந்த ஒரு மீட்டர் குறைந்தபட்சம் மட்டுமே.

ஆனால் கிராவலுக்குள் ஒரு முரண் உண்டு. தண்ணீர் ஓட 30க்கு 1 வாட்டம் வேண்டும், சக்கர நாற்காலி பக்கவாட்டில் இழுக்காமல் போக 50க்கு 1-ஐத் தாண்டக் கூடாது. இரண்டையும் ஒரே பாதையில் கேட்க முடியாது. எனவே வாசல், கழிப்பறை, விளையாட்டுத் திடல் மூன்றையும் இணைக்கும் பாதைக்குப் பிளாக் அல்லது கான்கிரீட், சரிவுதளம் 12க்கு 1-ஐவிடச் செங்குத்தாகாமல். மர நிழலில் போகும் நடைச் சுற்று முழுக்கக் கிராவல். இப்போது எல்லாப் பூங்காவிலும் கேட்கிற எட்டு வடிவப் பாதை மட்டும் விதிவிலக்கு: அங்கே எல்லோரும் ஒரே வளைவில் திரும்பித் திரும்பி உள் ஓரத்தைத் தேய்த்துவிடுவார்கள், அதற்குப் பிளாக் போடுங்கள்.

வட தமிழகத்தில் கிராவல் வேலையை ஆடிக்குள் முடித்துவிடுங்கள். புரட்டாசியில் பரப்பினால் இறுகுவதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். முதல் கனமழை விட்ட அரை மணி நேரத்துக்குள் ஒருவர் சுண்ணாம்புப் பொடியோடு சுற்றை நடந்து, தண்ணீர் நிற்கும் இடங்களையெல்லாம் வட்டமிட வேண்டும். ஒப்பந்தக்காரரின் கடைசி பில் அந்த வட்டங்கள் சரியான பிறகு பாஸாகட்டும்.