பத்து ரூபாய் டிக்கெட்டில் காதல் வருமா? செங்கோட்டை - நெல்லை பாசஞ்சர், இரண்டு வருட அனுபவம்

கல்யாண வெப்சைட் ஒன்றுக்கு (பெயர் வேண்டாம்) ஆறு மாதத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம் கட்டியவன் நான். வந்த பதினோரு ஜாதகத்தில் ஏழு பேர் போனையே எடுக்கவில்லை, ஒரு பெண்ணுக்கு ஏற்கெனவே கல்யாணம் முடிந்து குழந்தையும் இருந்தது. அதனால் ஒப்பிட்டுச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு என்று நினைக்கிறேன். தினமும் காலையில் அம்பாசமுத்திரத்தில் ஏறி நெல்லை ஜங்ஷனில் இறங்குகிறேன், சீசன் டிக்கெட்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். குறைந்தபட்சக் கட்டணம் கொரோனா சமயத்தில் 30 ஆனது, 2024-ல் பழையபடி 10 ரூபாய்க்கு வந்துவிட்டது. அம்பையை (அம்பாசமுத்திரம்தான்) விட்டதும் தாமிரபரணிப் பாலம், அப்புறம் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், காருக்குறிச்சி, சேரன்மகாதேவி, பேட்டை, டவுண். நெல்லைக்கு வரும்போது வலது பக்க ஜன்னல், திரும்பும்போது இடது பக்கம், மலை அங்கேதான் தெரியும். ஒற்றைத் தடம் என்பதால் கிராசிங்குக்கு நிற்கும். அவசரக்காரர்கள் பஸ்ஸில் போகலாம்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். முன்பின் தெரியாத ஒருத்தரைத் தற்செயலாகப் பார்த்து அதிலிருந்து காதல் வருமா என்றால், ஒரு தடவை பார்த்து வராது என்பது என் கட்சி. குற்றால சீசனில், ஜூன் ஜூலையில், சாயங்கால வண்டியில் எத்தனையோ நல்ல முகம் வரும். நாம் அம்பையில் இறங்கினால் அதோடு சரி. ஆனால் அதே முகம் மறுநாளும் அதே பெட்டியில் ஏறி, ஒரு வாரம் வராமல் போனால் 'என்னாச்சு' என்று மனசு கேட்க ஆரம்பித்தால், அது வேறு சங்கதி. ஜேம்ஸ் பொசார்ட் என்ற அமெரிக்கர் பிலடெல்பியாவில் 5,000 கல்யாண லைசென்ஸ்களைப் புரட்டிப் பார்த்து, மூன்றில் ஒரு ஜோடி ஐந்து தெருவுக்குள் குடியிருந்தவர்கள் என்று 1932-லேயே எழுதியிருக்கிறார். நம்ம ஊரில் ஐந்து தெருவுக்குள் தேடினால் பாதிப் பேர் அண்ணன் தங்கை முறை, மீதிப் பேர் வீட்டில் அரிவாளைத் தூக்குவார்கள். அதனால் இங்கே ஐந்து தெருவுக்குப் பதில் ஐந்து ஸ்டேஷன் என்று வைத்துக்கொள்ளலாம்.

என் கதை அப்பளத்தில் ஆரம்பித்தது. கல்லிடைக்குறிச்சியில் ஏறிய ஒரு பெண், நிற்கக்கூட இடமில்லாத திங்கட்கிழமை, உட்கார்ந்திருந்த என்னிடம் ஒரு பெரிய பையை நீட்டி, "சார், இத கொஞ்சம் மடியில வச்சுக்கிடுதீங்களா, மேல வச்சா நொறுங்கிரும்" என்றார். கல்லிடைக்குறிச்சி அப்பளம், ஆபீசில் யாருக்கோ வாங்கிப் போகிறாராம். ஜங்ஷன் வரைக்கும் நான் கால் மாற்றி உட்காரவில்லை, இருமல் வந்ததைக்கூட அடக்கிக்கொண்டேன். இறங்கும்போது ஒரு தேங்க்ஸ், அவ்வளவுதான். பெயர் தெரியவே நாலு வாரம் ஆனது. அதையும் நான் கேட்கவில்லை, எதிர்சீட்டு ஆச்சி கேட்டார்.

இந்தச் சேவையில் பெரிய குறையும் பெரிய வசதியும் இந்த ஆச்சிமார்தான். நெல்லைச் சீமையில் அந்நியர் அந்நியராகவே இருக்க விடமாட்டார்கள். "எய்யா, எந்தூரு? யாரு மவன்?" என்று தொடங்கினால் ரெண்டு ஸ்டேஷனுக்குள் பெரியப்பா பேர், வயல் எத்தனை மரக்கா விதைப்பாடு எல்லாம் வெளியே வந்துவிடும். அன்றைக்கு வீரவநல்லூர் தாண்டியதும் எதிர்சீட்டு ஆச்சி அடுத்த கேள்வியை அந்தப் பெண்ணைப் பார்த்துப் போட்டார்: "நீங்க என்ன ஆளுக தாயி?" பக்கத்துச் சீட்டுப் பேச்சுகூட நின்றுவிட்டது. எனக்கு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. அவர் கொஞ்சமும் அசராமல், "நாங்க ரயில்ல போற ஆளுக ஆச்சி" என்றார். ஆச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வந்தது சிரிப்பு இல்லை. வந்தது என்ன என்று அந்த வெப்சைட்காரர்களுக்குத் தெரிந்திருந்தால் அதற்கும் தனியாகக் காசு கேட்டிருப்பார்கள்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே வண்டியேறி எதிரில் இருப்பவரை முறைத்துக்கொண்டிருக்கப் போகிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. காதில் இயர்போன் மாட்டியிருந்தால் பேச விருப்பமில்லை என்று அர்த்தம். மறுநாள் பெட்டி மாறி ஏறினால் அதுதான் பதில், பின்னாலேயே போகக் கூடாது. மீறினால் ரயில்வே உதவி எண் 139-க்கு ஒரு போன் போதும், நியாயமும் அதுதான். என்னை நம்பி அப்பளத்தைக் கொடுத்தது நான் எதுவும் கேட்காமல் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்ததால்தானாம், பிறகு அவரே சொன்னார்.

மதிப்பெண்: ஜன்னலுக்கு ஐந்துக்கு ஐந்து, திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு ஒன்று, வரன் பார்க்கும் சேவையாக மூன்றரை. அரை மார்க் ஆச்சிக்கு. முழு மார்க் போடாததற்குக் காரணம் ரயில் இல்லை, எங்கள் இரண்டு வீடுகள். அவர் வீட்டில் தெரியும், பேச்சில்லை. என் வீட்டில் பாதி தெரியும். சாதி மதம் பார்க்காத ஸ்பெஷல் மேரேஜ் சட்டத்தில் கல்யாணத்தைப் பதிவதற்கு முன்னால் 30 நாள் நோட்டீஸ் உண்டு என்பதுவரை படித்து வைத்திருக்கிறோம்.

போன சனிக்கிழமை சேரன்மகாதேவியில் இறங்கிப் பத்தமடைக்குப் போனோம். மாப்பிள்ளை பெண் பெயரைக் கோரையிலேயே போட்டு நெய்து தருகிற கல்யாணப் பாய் அங்கே பிரசித்தம். விலை மட்டும் கேட்டோம். பெயர் என்ன போடணும் என்று கேட்டார் அந்த அம்மா. பிறகு சொல்கிறோம் என்று வந்துவிட்டோம்.